இரட்டித்து எண்ணிய தீவு

மனிதனுக்குக் கைவிரல்கள் பத்து. அதனால்தான் அவன் பத்துப் பத்தாக எண்ணப் பழகினான் என்று படித்திருக்கிறோம். கணிப்பொறிக்கு விரல்கள் இல்லை. அதனுள் இருக்கும் மின்சுற்றில் ஓரிடத்தில் மின்சாரம் இருக்கும், அல்லது இருக்காது. ஆகவே 1, 0 என்னும் இரண்டே இலக்கங்களைக் கொண்டு அது எல்லாக் கணக்குகளையும் போட்டுவிடுகிறது. இதை இரும எண்முறை என்கிறோம். இதில் ஒவ்வோர் இடத்தின் மதிப்பும் முந்திய இடத்தின் மதிப்பைப் போல் இரு மடங்கு: 1, 2, 4, 8, 16, 32... ஜெர்மன் நாட்டுக் கணித மேதை லைப்னிட்ஸ் இம்முறையை விளக்கி எழுதிய கட்டுரை 1703ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கூட்டலும் பெருக்கலும் இம்முறையில் மிக எளிதாகிவிடுகின்றன என்று கண்டு அவர் வியந்தார்.

இரட்டிப்பின் இந்த எளிமையைப் பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு சிறு தீவில் வாழ்ந்த மக்களும் கண்டுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் எழுத்து இல்லை; காகிதம் இல்லை. பேசும் மொழியிலேயே அவர்கள் இரட்டிப்பு முறையைப் புகுத்தி, மனக்கணக்காகவே பெரிய எண்களைக் கையாண்டார்கள். அது எப்படி என்று பார்ப்போம்.

தீவும் மக்களும்

அத்தீவின் பெயர் மங்கரேவா. தாகித்தித் தீவிலிருந்து தென்கிழக்கே சுமார் 1,600 கிலோமீட்டர் தொலைவில், பிரெஞ்சுப் பாலினீசியாவைச் சேர்ந்த காம்பியர்த் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. எரிமலையால் உண்டான தீவு அது. தீவுக்கூட்டத்தைச் சுற்றிப் பவழப்பாறைகள் வேலிபோல் அமைந்திருக்கின்றன. வேலிக்கு உட்புறம் கடல் அமைதியாக இருக்கும். தீவின் மிக உயர்ந்த சிகரம் 441 மீட்டர். 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுக்கூட்டம் முழுவதிலும் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 1,600 பேர்தான். நமது பெரிய உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இதைவிட அதிகமான மாணவர்கள் இருப்பார்கள்!

மீன், ஆமை, ஆக்டோபஸ், தேங்காய், கறிப்பலா (ஈரப்பலா என்றும் சொல்வார்கள்) ஆகியவையே பழைய மங்கரேவா மக்களின் செல்வம். சமூகத்தில் தலைவர்களும் குடிமக்களும் என்ற வேறுபாடு இருந்தது. குடிமக்கள் தலைவருக்குப் பொருள்களைத் திறையாகச் செலுத்துவார்கள். விழாக்காலங்களில் குவிந்த பொருள்களைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். நூற்றுக்கணக்கான காய்களையும் மீன்களையும் குறித்துவைக்க ஏடு இல்லாமல், தவறில்லாமல் எண்ண வேண்டும், கூட்ட வேண்டும், பங்கிட வேண்டும். இந்தத் தேவையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மடகாஸ்கர் முதல் மங்கரேவா வரை

மங்கரேவா மொழி ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்கே ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் முதல் கிழக்கே ஈஸ்டர் தீவு வரை, உலகச் சுற்றளவில் பாதிக்கும் மேலான தொலைவுக்கு இக்குடும்பத்தின் மொழிகள் பரவிக் கிடக்கின்றன. மலாய், ஜாவா, மாவோரி, ஹவாய் மொழிகள் எல்லாம் இதில் அடங்கியவை. இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு எண்ணுப் பெயர்களே நல்ல சான்று. இதோ ஒரு சிறு பட்டியல்:

2 – மடகாஸ்கரில் ரூவா, மங்கரேவாவில் ருவா, ஹவாயில் லுவா
3 – மடகாஸ்கரில் தேலு, மங்கரேவாவில் தோரு, ஹவாயில் கோலு
5 – மடகாஸ்கரில் திமி, மங்கரேவாவில் ரிமா, ஹவாயில் லிமா
8 – மடகாஸ்கரில் வாலு, மங்கரேவாவில் வாரு, ஹவாயில் வாலு
9 – மடகாஸ்கரில் சிவி, மங்கரேவாவில் இவா, ஹவாயில் இவா

மலாய் மொழியிலும் ஐந்து 'லிமா'தான். ஹவாய் மொழியில் 'லிமா' என்றால் ஐந்து என்றும் பொருள், கை என்றும் பொருள். விரல்விட்டு எண்ணிய காலத்தின் அடையாளம் அது.

இந்த மொழிகளின் மூதாதையர் ஒன்று முதல் பத்து வரை பெயர் வைத்து, பத்தை அடிமானமாகக் கொண்டு எண்ணியவர்கள். அதாவது, அவர்களிடம் இருந்தது நம்முடையதைப் போன்ற பதின்ம முறை. எந்தப் பொருளை எண்ணினாலும் அதே சொற்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு முக்கியமான வழக்கைத் தீர்ப்பதற்கு இது சாட்சியாக வரப்போகிறது.

ஒரு சொல், மூன்று மதிப்பு

மாவோரி மொழியில் 'தேக்கௌ' என்றால் 10. மங்கரேவாவில் அதே சொல் 'தக்கௌ' என்று வழங்கியது, அங்கும் 10தான். ஆனால் ராரோதோங்காத் தீவில் 'தக்கௌ' என்றால் 20! ஹவாய்த் தீவிலோ அது 40 ஆகிவிட்டது. (ஹவாய் மொழியில் பழைய 'த' ஒலி 'க' ஆகத் திரிந்தது, பழைய 'க' ஒலி தொண்டையில் எழும் ஒரு சிறு நிறுத்தமாகச் சுருங்கியது. ஆகவே அங்கே 'தக்கௌ' என்பது 'கா-அவு' போல ஒலிக்கும்.)

ஒரே சொல்லுக்கு மூன்று மதிப்புகள் எப்படி வந்தன?

விடை எளிது. ஒரு கடைக்காரர் முட்டையை டஜன் கணக்கில் எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பத்து" என்று அவர் சொன்னால் அங்கே இருப்பவை 10 முட்டைகள் அல்ல, 120 முட்டைகள். எண்ணும் அலகு பெரிதானால் எண்ணின் பெயர் மாறாமலே அளவு மாறிவிடும். பாலினீசியத் தீவுகளிலும் இதுவே நடந்தது. ஒவ்வொன்றாக எண்ணினால் பத்து அலகு 10. இணை இணையாக எண்ணினால் பத்து அலகு 20. நான்கு நான்காக எண்ணினால் பத்து அலகு 40. ஹவாய் மக்கள் நான்கையே அலகாகக் கொண்டு 4, 40, 400, 4,000 என்று ஏறிச் சென்றார்கள். அவர்கள் மொழியில் 400-க்குரிய 'லவ்' என்னும் சொல் மற்றப் பாலினீசிய மொழிகள் பலவற்றில் 100-ஐக் குறிக்கும்.

மங்கரேவா மக்களும் பொருளுக்கு ஏற்ப அலகை மாற்றிக்கொண்டார்கள். சில பொருள்களை ஒவ்வொன்றாகவும், சிலவற்றை இரண்டிரண்டாகவும், சிலவற்றை நான்கு நான்காகவும், சிலவற்றை எட்டு எட்டாகவும் எண்ணினார்கள். இந்த அலகுகளைக் கவனியுங்கள்: 1, 2, 4, 8. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் இரு மடங்கு!

நான்கு படிகள்

இரட்டிப்பு அலகுகளோடு நிற்கவில்லை. எண்ணுப் பெயர்களுக்குள்ளும் நுழைந்தது. மேலே சொன்ன சிறப்பான பொருள்களை எண்ணும்போது, ஒன்று முதல் ஒன்பது வரை வழக்கமான பெயர்களையே சொன்னார்கள். பத்துக்கு மேல் நான்கு சிறப்புப் பெயர்கள் வந்தன:

தக்கௌ – 10
பௌவா – 20
தத்தௌவா – 40
வாரு – 80

நமக்கு இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது என்று ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. அவர்கள் இந்த நான்கு பெயர்களைச் சேர்த்தே எல்லாப் பத்துகளையும் சொல்லிவிட்டார்கள்:

10 – தக்கௌ
20 – பௌவா
30 – பௌவா, தக்கௌ
40 – தத்தௌவா
50 – தத்தௌவா, தக்கௌ
60 – தத்தௌவா, பௌவா
70 – தத்தௌவா, பௌவா, தக்கௌ
80 – வாரு

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்குங்கள். ஒவ்வோர் எண்ணிலும் ஒரு படியின் பெயர் இருக்கிறது, அல்லது இல்லை. எந்தப் பெயரும் இரண்டு முறை வருவதில்லை. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று நாம் எழுதிப் பார்த்தால், 50 என்பது 101 ஆகிறது. 70 என்பது 111 ஆகிறது. கணிப்பொறி 5-ஐயும் 7-ஐயும் எழுதும் முறை அதுவே!

எண்பதைத் தாண்டினால் மறுபடியும் பழைய பதின்ம முறை உதவிக்கு வரும். எத்தனை 'வாரு' என்று 1 முதல் 9 வரை எண்ணலாம். 219 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரு 160, தத்தௌவா 40, தக்கௌ 10, மீதி 9. ஆக, "இரண்டு வாரு, தத்தௌவா, தக்கௌ, ஒன்பது."

'வாரு' என்னும் சொல்லுக்கு 8 என்றும் பொருள் உண்டு என்பதை முதல் பட்டியலில் பார்த்தோம். 80 என்பது எட்டுப் பத்து அல்லவா? பெயர்ப் பொருத்தத்திற்குக் காரணம் அங்கேதான் இருக்க வேண்டும்.

கூட்டல் எவ்வளவு எளிது!

பத்துகளைக் கூட்டுவதற்கு நமக்கு வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டும். முப்பதும் ஐம்பதும் எண்பது, அறுபதும் எழுபதும் நூற்று முப்பது என்று ஒன்பது பத்துகளுக்கும் நினைவில் வைக்க வேண்டிய சேர்க்கைகள் 45. மங்கரேவா முறையில் பத்துகளைக் கூட்ட மூன்றே விதிகள் போதும்:

இரண்டு தக்கௌ = ஒரு பௌவா
இரண்டு பௌவா = ஒரு தத்தௌவா
இரண்டு தத்தௌவா = ஒரு வாரு

அதாவது, ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அவற்றை நீக்கிவிட்டு அடுத்த படியின் பெயரைச் சொல். அவ்வளவுதான்!

70-ஐயும் 30-ஐயும் கூட்டிப் பார்ப்போம். ஒரு பக்கம் தத்தௌவா, பௌவா, தக்கௌ. மறுபக்கம் பௌவா, தக்கௌ. இரண்டு தக்கௌ சேர்ந்து ஒரு பௌவா ஆகிறது. இப்போது பௌவா மூன்று. அவற்றில் இரண்டு சேர்ந்து ஒரு தத்தௌவா. ஒரு பௌவா மிச்சம். இரண்டு தத்தௌவா சேர்ந்து ஒரு வாரு. விடை: வாரு, பௌவா. 80-உம் 20-உம் 100. சரிதானே?

ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள சில்லறை எண்களைக் கூட்டுவதற்கு மட்டும் நம்மைப் போலவே அவர்களுக்கும் வாய்ப்பாடு வேண்டும். 57-உம் 38-உம் கூட்ட வேண்டுமானால், முதலில் ஏழும் எட்டும் பதினைந்து: ஒரு தக்கௌ, மீதி 5. பிறகு பழையபடி இரட்டைகளை நீக்கிக்கொண்டே போனால் 'வாரு, தக்கௌ, ஐந்து' என்று 95 வந்துவிடும்.

இரட்டிப்பது இன்னும் எளிது. ஒவ்வொரு பெயரையும் ஒரு படி ஏற்றிவிட்டால் போதும். முப்பது (பௌவா, தக்கௌ) இரட்டித்தால் அறுபது (தத்தௌவா, பௌவா). இதற்கும் 1, 2, 4, 8 என்ற அலகுகளுக்கும் எவ்வளவு நல்ல பொருத்தம் பாருங்கள்! எட்டு எட்டாக எண்ணியதில் முப்பது அலகு இருக்கிறது. அதையே நான்கு நான்காகச் சொன்னால் எத்தனை? ஒரு படி ஏற வேண்டியதுதான்: தத்தௌவா, பௌவா. பெருக்கல் வாய்ப்பாடே தேவையில்லை.

பெரிய அலகினால் இன்னொரு நன்மையும் உண்டு. எட்டை அலகாகக் கொண்டு எண்ணும்போது ஒரு 'வாரு' என்றாலே 640 பொருள்கள் ஆகிவிடும். சின்னச் சொல்லால் பெரிய குவியலையே சொல்லிவிடலாம்.

முழுவதும் இரட்டிப்பாக இருந்தால் என்ன?

இரட்டிப்பு இவ்வளவு வசதியானது என்றால், ஒன்று முதலே இரட்டித்துக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இரும முறைக்கு ஒரு குறை உண்டு. அதில் எண்கள் மிகவும் நீண்டுவிடும். 799 என்ற மூன்று இலக்க எண்ணை இரும முறையில் எழுதினால் 1100011111 என்று பத்து இலக்கங்கள் வேண்டும். கணிப்பொறிக்கு இது ஒரு பொருட்டல்ல. மனிதனுக்கோ பாதி சொல்வதற்குள் மீதி மறந்துவிடும். மங்கரேவா முறையில் அதே எண் 'ஒன்பது வாரு, தத்தௌவா, பௌவா, தக்கௌ, ஒன்பது' என்று சுருக்கமாக முடிந்துவிடுகிறது. கீழே பதின்மம், நடுவே இருமம், மேலே மறுபடியும் பதின்மம்! எண்ணின் நீளத்தைப் பதின்மம் குறைக்கிறது. கூட்டலின் பளுவை இருமம் குறைக்கிறது. இரண்டின் நன்மையும் ஒருங்கே கிடைக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. லைப்னிட்ஸின் முறையும் இதுவும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. லைப்னிட்ஸின் முறையில் பூச்சியமும் இடமதிப்பும் உண்டு. அது எழுதுவதற்கான முறை. மங்கரேவா முறையில் பூச்சியம் இல்லை, இடமதிப்பும் இல்லை. ஒவ்வொரு படிக்கும் தனிப் பெயர் இருந்ததால் அவை தேவைப்படவும் இல்லை. அது சொல்வதற்கும் நினைவில் வைப்பதற்குமான முறை. இரட்டிப்பின் எளிமை மட்டுமே இரண்டுக்கும் பொது.

ஒரு பழைய கருத்தும் அதன் வீழ்ச்சியும்

பொருளுக்குப் பொருள் வேறுபட்ட எண்ணும் முறை இருந்தால், அது வளர்ச்சியடையாத மனத்தின் அடையாளம் என்று அறிஞர் பலர் ஒரு காலத்தில் எழுதினார்கள். ஆதி மனிதன் 'மூன்று மீன்', 'மூன்று காய்' என்று தனித்தனியாகத்தான் அறிவான்; பொருளைப் பிரித்துவிட்டு வெறும் 'மூன்று' என்று நினைக்க அவனால் இயலாது; அந்த ஆற்றல் நாகரிகம் வளர வளரப் பின்னால் வந்தது என்பது அவர்கள் வாதம். இந்த ஏணியில் மங்கரேவா மக்கள் கீழ்ப்படியில் நிற்பவர்களாகத் தோன்றுவார்கள்.

நார்வே நாட்டுப் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆந்திரியா பெண்டர், சீக்ஹார்ட் பெல்லர் இருவரும் இந்த வாதத்தை மறுத்தனர். 'சயன்ஸ்' இதழில் 2008இல் அவர்கள் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதே. நாம் முதலில் பார்த்த எண்ணுப் பெயர்ப் பட்டியல் இங்கேதான் சாட்சி சொல்ல வருகிறது. மடகாஸ்கர் முதல் ஹவாய் வரை பொதுவாக இருக்கும் பதின்ம முறைதான் மூத்தது. அது எல்லாப் பொருளுக்கும் பொதுவான முறை. தீவுக்குத் தீவு வேறுபடும் சிறப்பு முறைகள் அதற்குப் பின்னால் தோன்றியவை. அதாவது, மங்கரேவா மக்கள் பொது எண்களை அறியாதவர்கள் அல்லர். அவற்றை நன்றாக அறிந்திருந்தும், மனக்கணக்கு எளிதாக வேண்டும் என்பதற்காக அவற்றின்மேல் புதிய முறையைக் கட்டியவர்கள். கீழ்ப்படி என்று கருதப்பட்டது உண்மையில் ஒரு திருத்தம், ஒரு முன்னேற்றம்.

மங்கரேவாவின் இரட்டிப்புப் படிகளைப் பற்றிய அவர்களுடைய ஆய்வு அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் 2014ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளிவந்தது. லைப்னிட்ஸ் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இம்முறை உருவாகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

மறைந்த கணக்கு

இந்த ஆய்வைச் செய்யும்போது, தீவுக்குப் போய் எண்ணச் சொல்லிக் கேட்க வாய்ப்பில்லை. ஏனெனில் அந்த முறை முன்பே வழக்கொழிந்துவிட்டது. 1797இல் ஓர் ஆங்கிலக் கப்பல் இத்தீவுகளைக் கண்டது. 1834இல் பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரிமார் வந்து தங்கினர். 1881இல் பிரான்ஸ் இத்தீவுகளைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டது. புதிய நோய்களால் மக்கள்தொகை பெரிதும் குறைந்தது. திறையும் பழைய விருந்துகளும் போயின; பள்ளிக்கூடமும் எழுத்தும் பிரெஞ்சுக் கணக்கும் வந்தன. எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ அந்த வேலை போனபின் கருவி எப்படி நிலைக்கும்?

நல்ல காலமாகச் சில குறிப்புகள் எஞ்சின. எட்வர்ட் டிரிகியர் வெளியிட்ட மங்கரேவா அகராதி 1899இல் வந்தது. நியூசிலாந்தின் மாவோரி இனத்தைச் சேர்ந்த மருத்துவரும் மானிடவியல் அறிஞருமான தே ரங்கி ஹிரோவா 1934இல் ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு அத்தீவுக்குச் சென்றார்; மக்களின் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்து 1938இல் பெரியதொரு நூலை வெளியிட்டார். இத்தகைய ஏடுகளில் கிடந்த எண்ணுப் பெயர்களைக் கொண்டுதான் பிற்கால ஆய்வாளர்கள் அந்தக் கணக்கின் நுட்பத்தை மீட்டெடுத்தார்கள்.

இன்று மங்கரேவா மொழியைப் பேசுவோர் சில நூறு பேர்தான். பிரெஞ்சும் தாகித்தி மொழியும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. உலகில் இப்படி ஒடுங்கிவரும் சிறு மொழிகள் பல. அவற்றில் எழுத்து இல்லை என்றாலும் அறிவு இல்லை என்று பொருள் அல்ல. ஒரு மொழி மறையும்போது சொற்கள் மட்டும் மறைவதில்லை. ஒரு சிக்கலைத் தீர்க்க மனித மூளை கண்டுபிடித்த வழியும் அதோடு மறைந்துவிடுகிறது. யாரோ நான்கு சொற்களைக் குறித்துவைத்ததால் மங்கரேவாவின் வழி நமக்குத் தெரிந்தது. குறித்துவைக்க ஆள் இல்லாமல் போன தீவுகளின் கணக்கு கடலோடு போய்விட்டது.

நீங்களே செய்து பாருங்கள்

1. 130-ஐ மங்கரேவா முறையில் எப்படிச் சொல்வார்கள்?
2. 'தத்தௌவா, பௌவா, ஆறு' என்பதோடு 'பௌவா, தக்கௌ, ஒன்பது' என்பதை நம் எண்களுக்கு மாற்றாமலே கூட்டுங்கள்.
3. நான்கு நான்காக எண்ணியதில் ஒரு குவியல் 'தத்தௌவா, பௌவா' அலகுகள் இருக்கிறது. அதையே எட்டு எட்டாக எண்ணினால் எத்தனை அலகு? குவியலில் உள்ள பொருள்கள் எத்தனை?

விடைகள்: 1. வாரு, தத்தௌவா, தக்கௌ. 2. வாரு, பௌவா, ஐந்து (66 + 39 = 105). 3. ஒரு படி இறங்க வேண்டும்: பௌவா, தக்கௌ (30 அலகு), பொருள்கள் 240.